ஓர் இரவு பாடலாம், முப்பது இரவு பாட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இன்சேன் க்ளவுன் பாஸி' என்ற அமெரிக்க ராப் இரட்டையர், உடல்நிலை காரணமாகச் சுற்றுப்பயணங்களை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி 2021-ல் நமது நாளிதழின் உலகப் பக்கத்தில் நாலு வரியில் வந்திருந்தது. பாடுவதை விடப்போவதில்லை, ஆண்டுக்குச் சில தனி நிகழ்ச்சிகள் உண்டு, ஊர் ஊராகப் போவது மட்டும் இனி இல்லை என்பது அவர்களுடைய முடிவு. படித்த பலருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். மேடையேறிப் பாடத் தெம்பு இருக்கிறவருக்குப் பயணம் மட்டும் எப்படி ஆகாமல் போகும்? கேள்வி நியாயமானது. அதற்கு மருத்துவத்திலும் மேடைத் தொழிலிலும் தெளிவான பதில் இருக்கிறது. இதயக் கோளாறோடு ஓடியாடி வேலை பார்க்கிற எவருக்கும் அது பயன்படும் என்பதால், இதய மருத்துவர் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த இரட்டையரான வயலன்ட் ஜே, ஷேகி டூ டோப் இருவரும் டெட்ராய்ட்காரர்கள். 1989-ல் தொடங்கிய கூட்டு இது. முகத்தில் கோமாளிச் சாயம் பூசி மேடையேறுவார்கள். பெரும்பாலும் தங்கள் சொந்த நிறுவனமான சைக்கோபதிக் ரெக்கார்ட்ஸ் மூலம் ஒரு பெரும் ரசிகர் கூட்டத்தைக் கட்டி எழுப்பியவர்கள். அந்த ரசிகர்களுக்கு 'ஜக்கலோ' என்று பெயர். 2000 முதல் அவர்கள் ஆண்டுதோறும் திரளும் திருவிழா, கொரோனாவால் 2020-ல் நின்றுபோய், 2021 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தின் தார்ன்வில்லில் நடந்தது. அந்த மேடையில்தான் அப்போது 49 வயதான வயலன்ட் ஜே, தனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறு இருப்பதையும், இதயச் செயலிழப்பு (இதயத்தால் ரத்தத்தைப் போதிய வலுவோடு இறைக்க முடியாத நிலை) கண்டறியப்பட்டிருப்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். 2022-ல் ஒரு பிரியாவிடைப் பயணம், அதோடு சரி என்றும் அறிவித்தார்.

ஆரோக்கியமான இதயத்தில் மேலறைகள் இரண்டும் ஒரே தாளத்தில் சுருங்கி, ரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகள் சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. நிமிடத்துக்கு 350-க்கு மேல் மின்துடிப்புகள் அங்கே அலைமோதும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணு அவற்றில் பெரும்பகுதியை வடிகட்டிவிட்டாலும், மருந்தில்லாதபோது கீழறைகள் 110 முதல் 160 வரை தாறுமாறாக ஓடும். இரண்டு நட்டங்கள் இதில். கீழறை நிரம்புவதில் மேலறையின் கடைசித் தள்ளலுக்கு ஐந்தில் ஒரு பங்காவது உண்டு, அது போய்விடுகிறது. அடுத்தது நேரம். 70 துடிப்பில் ஒரு துடிப்புக்கு 0.86 விநாடி கிடைக்கும், 140 துடிப்பில் 0.43 விநாடிதான். இதயம் சுருங்க எடுக்கும் நேரம் பெரிதாகக் குறையாது. குறைவதெல்லாம் நிரம்பும் நேரம். அரைகுறையாக நிரம்பியது அரைகுறையாகத்தானே வெளியே போகும்?

இந்த ஓட்டம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால் கீழறைத் தசையே தளர்ந்துவிடும். எக்கோ என்ற இதய ஸ்கேனில், ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையிலிருந்து வெளியேறும் ரத்தத்தின் பங்கு 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், அது 40-க்குக் கீழேகூடப் போகும். தளர்ந்த கீழறை மேலறையில் அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏறிய மேலறை இன்னும் நடுங்கும். எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தினால் பலருக்குத் தசை வலு பெருமளவு திரும்பிவிடும் என்பது நல்ல செய்தி. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஒழுங்கான தூக்கமும் மருந்தும் ஓய்வும் வேண்டும்.

இனி மேடைக்கு வருவோம். ராப் பாடுவது பேசுவது போலத்தானே என்று நினைக்கக் கூடாது. ஒரே மூச்சில் நீண்ட வரிகளைத் தள்ளும்போது நெஞ்சறைக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும். வரி முடிவில் மூச்சை இழுக்கும்போது சட்டென்று கூடும். அப்படியே ஒரு மணி நேரம். இரட்டையர் என்பதில் ஒரு வசதி உண்டு. ஒருவர் பாடும்போது வரியின் கடைசிச் சொற்களை மற்றவர் சேர்ந்து அடிப்பார். முதலாமவர் அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்வார். தனி ராப்பருக்குக் கிடைக்காத சலுகை இது. ஆனால் இவர்கள் நிகழ்ச்சியில் பாட்டு பாதி வேலைதான். டெட்ராய்ட்டின் ஃபேகோ சோடாவை இரண்டு லிட்டர் பாட்டில் பாட்டிலாகக் குலுக்கிக் கூட்டத்தின் மேல் பீய்ச்சுவது அவர்கள் அடையாளம். நிரம்பிய பாட்டில் ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கி வீசுவது ரத்த அழுத்தத்தைக் குபீரென்று ஏற்றும் வேலை. விளக்குகளின் சூடு வேறு.

இத்தனையும் இருந்தும், மருந்தில் கட்டுப்பட்ட நோயாளி ஒருவர் தயாரிப்போடு வந்தால் ஓர் இரவைத் தாங்கிவிடலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கண்காணிப்போடு கூடிய உடற்பயிற்சி நன்மை செய்கிறது என்பது பல ஆண்டுகளாக நிலைபெற்ற பாடம். இதயத்தைச் சாய்ப்பது அந்த ஒரு மணி நேரம் இல்லை. மீதி இருபத்து மூன்று மணி நேரமும்தான்.

பெரிய சுற்றுப்பயணத்தின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். மதியத்துக்குள் சாமான் இறக்கம். நாலு ஐந்து மணிக்கு ஒலிச் சோதனை. ஏழு மணிக்குக் கதவு திறக்கும். முன்னால் பாடுகிறவர்கள் முடித்து இவர்கள் ஏறும்போது ஒன்பதரை. இறங்கினால் ரசிகர் சந்திப்பு, முகச் சாயம் கழுவல், சாப்பாடு. நள்ளிரவுக்கு மேல் சாமான் ஏற்றம். ஒன்று இரண்டு மணிக்குப் பஸ் கிளம்பும். அடுக்குப் படுக்கையில் குலுங்கிக்கொண்டே ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர். விடிந்தால் அடுத்த ஊர். வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரம் ஆறு நாள் இதே கதை. நிகழ்ச்சி முடிந்ததும் அட்ரினலின் உடனே இறங்காது. நாடி அடங்கித் தூக்கம் வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் உள்ளவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மிகுதி. அவர்களுக்குத் தேவைப்படும், முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவிக்குத் தடையில்லாத மின்சாரமும் காய்ச்சி வடித்த நீரும் வேண்டும். பஸ் படுக்கையில் முகமூடி நழுவிவிடும். இரவு பாதியில் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு அமெரிக்கச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓய்வெடுக்காமல் வண்டியைத் தொடக் கூடாது, பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பின்னால் படுத்திருக்கும் பாடகருக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

சாப்பாட்டில்தான் பலர் கவிழ்கிறார்கள். இதயம் தளர்ந்தவருக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான உப்பு, அதாவது சோடியம் கணக்கில் ஏறக்குறைய 2000 மில்லிகிராம், என்று வரம்பு வைப்போம். நெடுஞ்சாலைக் கடையின் இரண்டு துண்டு பீட்சா ஆயிரத்தைத் தாண்டிவிடும். கூட ஒரு சிப்ஸ் பாக்கெட், பாக்கெட் சூப், ஊறுகாய் வைத்த பர்கர் என்று சேர்த்தால் ஒரே வேளையில் நாள் கணக்கு முடிந்துவிடும். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அது முதலில் எடையில் தெரியும், பிறகு கணுக்காலில், கடைசியில் படுத்தால் மூச்சு முட்டுவதில். அதனால் நாங்கள் வலியுறுத்தும் எளிய கருவி எடை இயந்திரம். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். ஒரு நாளில் ஒன்று ஒன்றரைக் கிலோ, அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஓடும் பஸ்ஸில் இயந்திரம் சரியாகக் காட்டாது. நின்ற பிறகு, கெட்டித் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மது இன்னொரு வினை. ஆஸ்திரேலியாவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 140 பேரை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், குடியை நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு நோய் மீண்டும் வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம். மேடைக்குப் பின்னால் பீரும் எனர்ஜி டிரிங்கும் ஐஸ் பெட்டி நிறைய இருக்கும் தொழில் இது என்பதை நினைவில் வைத்து இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

மருந்து விஷயம் நுணுக்கமானது. நடுங்கும் மேலறையில், குறிப்பாக இடது பக்கத்தில் காது போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பையில், ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோயில் அதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. தடுக்கும் மருந்துகளில் அபிக்சபான் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு வேளை. ரிவரோக்சபான் நாளைக்கு ஒரு வேளை, ஆனால் வயிறார உணவோடு சாப்பிட்டால்தான் முழுதாக உடலில் சேரும். நள்ளிரவில் வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதுகாப்பு குறையும். இரண்டும் ஒரு நாளுக்குள் உடலை விட்டு இறங்கிவிடும், ஆகவே இரண்டு வேளை தவறினாலே ஆபத்து. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குள்ளேயே நாலு நேர மண்டலங்கள். உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொண்டே போனால் கணக்கு தப்பும். போனில் அலாரத்தைச் சொந்த ஊர் நேரத்திலேயே வைத்திருப்பது நல்லது. அபிக்சபான் ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. பழைய உறைவு தடுப்பு மருந்தான வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். தினம் ஒரு கடைச் சாப்பாட்டில் அது நிற்காது.

நீர் பிரியும் மாத்திரையான ஃபுரோசமைடு போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் இழுக்கும். மேடைக்கு முன் போட்டால் பாட்டு நடுவே ஓட வேண்டும். அதனால் பலர் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது, டாக்டரிடம் கேட்டுக் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாத்திரையும் போட்டு, விளக்குச் சூட்டில் லிட்டர் கணக்கில் வியர்த்தால் பொட்டாசியம் இறங்கும். அதுவே தாளத்தைக் கெடுக்கும். உப்பு ஏறினாலும் கேடு, நீர் வற்றினாலும் கேடு என்ற குறுகலான வரப்பில் நடக்க வேண்டிய உடல் அது. வேகத்தை அடக்கும் மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் மேடையில் கால் கனப்பது போன்ற சோர்வைத் தரலாம். நிகழ்ச்சி நாளில் மட்டும் அதைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. திடீரென்று நிறுத்தினால் நாடி முன்பைவிட வேகமாகத் திருப்பி அடிக்கும்.

இன்னும் இரண்டு சாதாரண மாத்திரைகளைச் சொல்லாமல் விட முடியாது. முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளைப் போட்டால் உடலில் உப்பு தேங்கும்; ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் இரைப்பையில் கசிவு வரும். அளவோடு பாராசிட்டமால் மேல். சளிக்கு வாங்கும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் நாடியைத் துரத்தும். கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

மின் அதிர்ச்சி கொடுத்தோ, அப்லேஷன் செய்தோ சரிப்படுத்திவிட்டு மறுபடி பயணம் போகலாமே என்று கேட்கலாம். மின் அதிர்ச்சிக்கு முன் மூன்று வாரம், பின் நாலு வாரம் உறைவு தடுப்பு மருந்தில் ஒரு வேளை தவறக் கூடாது. அப்லேஷனில், நுரையீரல் சிரைகள் மேலறையோடு சேரும் வாயைச் சுற்றி வடுவிட்டு மின் கசிவைத் தடுக்கிறோம். இதயச் செயலிழப்பும் கூட இருப்பவர்களில் பொருத்தமானவர்களுக்கு இது மருத்துவமனைவாசத்தையும் இறப்பையும் குறைக்கிறது என்று 2018-ல் வெளியான காஸில்-ஏ.எஃப். ஆய்வு காட்டியது. இருந்தும் முதல் மூன்று மாதம் தாளம் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும், சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும். சிகிச்சை நிலைக்க எடையும் மதுவும் தூக்கமும் சீராக வேண்டும். சுற்றுப்பயணம் குலைப்பது இந்த மூன்றையும்தான்.

ராப் வளர்ந்த ஹிப்ஹாப் இசை பிறந்தது 1973-ல், நியூயார்க்கின் பிராங்க்ஸில். ஐம்பது வயதைத் தாண்டி மேடையேறும் தலைமுறை அதில் உருவானது அண்மைக் காலத்தில்தான். எத்தனை பேர் அந்த வயதைத் தாண்டாமலே போனார்கள்! 'மாப் டீப்' இரட்டையரில் ஒருவரான பிராடிஜிக்குப் பிறவியிலேயே, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் சிக்கிள் செல் நோய். வெப்பமும் நீர் வறட்சியும் அதன் ஜென்மப் பகை. 2017 ஜூனில், கொளுத்தும் லாஸ் வேகாஸில் பாடிய பிறகு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சில நாளில் 42 வயதில் அங்கேயே இறந்தார். 'பிளாக்கலீஷியஸ்' இரட்டையரின் கிஃப்ட் ஆஃப் கேப், சிறுநீரகம் செயலிழந்த பின் டயாலிசிஸ் செய்துகொண்டே மேடையேறியவர். 2020 ஜனவரியில் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. 2021 ஜூனில் 50 வயதில் போய்விட்டார். ராப்பர் ஹெவி டி 2011-ல் 44 வயதில் இறந்தது காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்ததால். நீண்ட விமானப் பயணத்தில் அது உருவாகியிருக்கலாம் என்று பிரேதப் பரிசோதனை அலுவலகம் சொன்னது. பாட்டை நேசிக்கிற பலருக்கும் பயணத்தை மறுக்க வசதி இருப்பதில்லை. இணையத்தில் பாட்டு கேட்பதால் வரும் காசு சொற்பம். வருமானம் டிக்கெட்டிலும் டி-ஷர்ட்டிலும் இருக்கிறது. வாரச் சம்பளத்துக்கு நிற்கும் ஒலி, ஒளிக் கலைஞர்களின் குடும்பங்களும் அதை நம்பி இருக்கின்றன. நிகழ்ச்சி ரத்தானால் ஈடு தரும் காப்பீடு, ஏற்கெனவே இருக்கும் நோயைப் பொதுவாக விலக்கி வைக்கும். இத்தனையையும் தெரிந்தே, உயிரோடு இருக்கும்போதே நிறுத்துகிறேன் என்று சொன்ன வயலன்ட் ஜேயையும், அதற்கு உடன் நின்ற ஷேகியையும் மனமாரப் பாராட்டுகிறேன்.

என் கவலையெல்லாம் அவர்கள் 2022-க்கு அறிவித்தது போன்ற பிரியாவிடைப் பயணம் பற்றித்தான். கடைசி முறை என்பதால் கூட்டம் அதிகம் வரும், ஊர்களைக் கூட்டச் சொல்லி நெருக்குவார்கள். ஊரைக் கூட்டாமல் ஒரே ஊரில் இரண்டு இரவு பாடலாம். ரசிகர்கள் பயணப்பட்டு வரட்டும், ஜக்கலோக்கள் அதற்குத் தயங்குகிறவர்கள் இல்லை. இரண்டு இரவுக்குப் பிறகு பயணமும் இல்லாத ஒரு முழு நாள் விடுமுறை வேண்டும். நிகழ்ச்சி எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும், இரவைப் பக்கத்து ஹோட்டலில் கழித்துக் காலையில் பஸ் ஏற வேண்டும். இவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால்தான் நடக்கும். கடைசி ஈ.சி.ஜி., எக்கோ முடிவு, மருந்துப் பட்டியல் மூன்றும் ஒரு தாளில் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மருந்து இரண்டு வாரத்துக்கு உபரியாக, கைப்பையில். பாட்டு வரிசையில் வேகமான இரண்டுக்குப் பின் டி.ஜே. பகுதியோ ஷேகியின் தனிப்பாட்டோ வர வேண்டும்.

நாடியை விரலால் எண்ணினால் இந்த நோயில் குறைத்தே காட்டும், ஏனென்றால் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வராது. ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரம் மேல். தானியங்கி ரத்த அழுத்தக் கருவியும் ஒரே முறையில் தடுமாறும். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மேடைப் பக்கத்தில், திடீரென்று நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவியும், அதை இயக்கப் பழகிய இருவரும் வேண்டும்.

கடைசியாக அந்த ஃபேகோ. சோடா ஓடிய மேடை வழுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நின்று சிரித்தாலும் அன்றிரவே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மண்டைக்குள் கசிவு மெதுவாகச் சேர்ந்து பல மணி நேரம் கழித்தே தெரியலாம். பாடகர்கள் நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பைப் போட்டு, பாட்டில் பீய்ச்சும் வேலையை ஓரத்தில் நிற்கும் இளம் கோமாளிகளிடம் விட்டுவிடலாம். ரசிகர்கள் நனைவது குறையாது.

இப்படிக்கு,
இதய மருத்துவர்,
திருச்சி.